கல்தூமாவின் மேல் தல்ஹாப் புகை

கொட்டகைக்குள் வந்து சம்மணமிட்டதும் கல்தூமா வேலையைத் தொடங்கிவிட மாட்டாள். முன்னால் குவித்திருக்கும் பிசினைப் புறங்கையால் ஒருமுறை தள்ளிவிட்டு, அடியிலிருந்து ஒரு கட்டியை எடுப்பாள். அதில் ஒட்டியிருக்கும் பட்டைத் துணுக்கைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டுவாள். வாயருகே கொண்டுபோய் ஆவி படியும்படி ஊதி, முந்தானை ஓரத்தால் துடைப்பாள். பிறகு கையை உயர்த்தி, தகரக் கூரையின் ஓட்டை வழியாக இறங்கும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். உள்ளே கறை தெரிந்தால் குவியலுக்கே திரும்பிவிடும். வெளிறிய தேன் நிறத்தில் தெளிந்திருந்தால் முந்தானையில் முடிந்துகொள்வாள். அன்றைய முதல் நல்ல கட்டி அவள் கணவர் பாபிகிருக்கு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கையை உயர்த்தும் அந்த நேரத்தில் புகை மணம் வரும். நான் அவளுக்குப் பின்னால், தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாக்கு வாய் தைப்பவன். கொட்டகை முழுக்கப் பிசின் தூசி மணக்கும். அதைக் கிழித்துக்கொண்டு தல்ஹா என்ற முள்மரத்து விறகின் புகை என்வரைக்கும் வந்து சேரும்.

உபையித் ஊரில் மூக்கு உள்ள யாருக்கும் அந்த மணத்தின் அர்த்தம் தெரியும். வீட்டு மூலையில் ஒரு குழி. அதில் தல்ஹாச் சிராய் கனன்றுகொண்டிருக்கும். கம்பளியைப் போர்த்துக்கொண்டு மனைவி அதன்மேல் உட்கார்ந்து, வேர்வை வழிய வழிய உடம்பில் புகை ஏற்றிக்கொள்வாள். தோலில் அந்த மணம் நாள்கணக்கில் நிற்கும். கணவன் வெளியூர் போனால் குழியை மூடி வைப்பாள். வருகிறான் என்று சேதி கிடைத்தால் திறப்பாள். கணவனை இழந்தவள் அந்தப் புகையின் பக்கமே போகக்கூடாது.

"ஏடி கல்தூமா, வியாழக்கிழமை போட்ட புகை இன்னுமா ஆறல?" என்பாள் எதிரில் உட்கார்ந்திருக்கும் சித்தல்பனாத். கொட்டகையில் அவள் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. "அந்த மனுஷன் எழுந்து உக்காரவே முடியாம கெடக்காரு. யாருக்குடி இத்தனை அலங்காரம்?"

"எழுந்துக்க முடியாட்டி என்ன? மூக்கு நல்லாத்தானே இருக்கு அவருக்கு."

எல்லோரும் சிரிப்பார்கள். சித்தல்பனாத் என் பக்கம் திரும்புவாள். "டேய் ஊசி, காதையும் சேத்துத் தைச்சுக்கோ. பொம்பளைங்க பேச்சு இது."

என் பெயர் வேறு. அங்கே யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கும் ஊசியே வசதியாக இருந்தது. கையில் வேலை இருந்தால் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவேண்டியதில்லை. எல்லாவற்றையும் பார்க்கவும் முடியும்.

ஹஷாப் மரத்துப் பிசின்தான் எங்கள் சரக்கு. தல்ஹாவும் பிசின் விடும். அது செம்மண் கலந்தாற்போலச் சிவந்து, தொட்டால் உதிரும். இரண்டும் கலந்துவிட்டால் மூட்டை முழுக்கக் கெட்ட பெயர். அதனால்தான் பெண்கள் ஒவ்வொரு கட்டியாகப் பொறுக்கிப் பிரித்தார்கள். சித்தல்பனாத் அடிக்கடி ஒரு பிரசங்கம் செய்வாள். "நம்ம பிசின் இல்லாட்டி வெள்ளக்காரன் சோடாவுல சக்கரை அடியில போய்ப் படுத்துக்குமாம். மாத்திரை உதுந்துபோயிடுமாம். பேப்பர்ல மை நிக்காதாம். உலகத்தையே நாமதான்டி ஒட்டி வச்சிருக்கோம்!"

"நம்மள யாரு ஒட்டி வச்சிருக்கா?" என்று ஒருமுறை கேட்டாள் கல்தூமா. சித்தல்பனாத் ஒரு கட்டியை அவள் பக்கம் தள்ளினாள். "வேலையப் பாருடி" என்றாள்.

பாபிகிர் மரம் கீறுபவர். ஊருக்கு மேற்கே ஹஷாப் தோட்டங்களில், நீண்ட கழியின் நுனியில் இரும்பு அலகு வைத்த சோன்கியால் கிளைப்பட்டையை உரித்துவிட்டு வருவார். இலை உதிர்ந்து மரம் தாகத்தில் நிற்கும் காலத்தில்தான் கீறவேண்டும். தண்ணீர் குடித்துச் செழித்த மரம் பிசின் விடாது. அவருடைய சோன்கிக் கழி தல்ஹாக் கட்டை. உள்ளங்கை பட்டுப் பட்டு எண்ணெய் தடவியதுபோல் ஆகியிருந்தது. ஒரு வருஷம் அவர் முகம் வீங்கியது, அப்புறம் கால். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன என்றார்கள். வாரம் இரண்டு தடவை மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அதோடு காலையும் மாலையும் ஒரு குவளை பிசின் தண்ணீர். பிசின் உள்ளே போய்க் கழிவை வயிற்று வழியாக இழுத்துவிடும், மெஷினுக்குப் பாரம் குறையும் என்று டாக்டரும் சொன்னார், அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். இருக்கிற கட்டியிலெல்லாம் தெளிந்த கட்டியை அவள் தேடியது அதற்காக. வகீல் மக்கி, முதலாளியின் ஆளாகக் கொட்டகையை நடத்துபவர், அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

சண்டை வந்தது. ஊரைச் சுற்றிச் சாலைகள் அடைபட்டன. கரண்ட் போனது. தண்ணீர் போனது. மெஷின்கள் நின்றன. மெஷினுக்கு வந்துகொண்டிருந்தவர்களில் சிலருடைய சாவுச் சேதி முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. கிழக்கே கோஸ்தி நகரத்தில் மெஷின் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, எங்கள் சரக்கை ஏற்றிப்போகும் தய்யிபின் லாரியில், பிசின் மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்துப் பாபிகிரைப் படுக்கவைத்து அனுப்பினார்கள். கல்தூமா போகவில்லை. மூன்று பெண் குழந்தைகள். கடைசிப் பெண் சமாஹிருக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. வழியில் பெண்களுக்கு என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

லாரி கிளம்பும்போது பாபிகிர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, மூட்டையோட மூட்டையா என்னையும் தைச்சுடாதே."

"இல்லண்ணே" என்றேன்.

அன்றைக்கே அவள் புகைக் குழியை மூடிவிட்டாள். கையை உயர்த்தும்போது பிசின் தூசி மட்டும்தான் மணத்தது.

முதல் கட்டியை முடிந்துகொள்வதை மட்டும் அவள் விடவில்லை. ஒரு பை அளவு சேர்ந்ததும் என்னிடம் கொண்டுவருவாள். சாக்குத் துண்டில் உள்ளங்கையளவு பை தைத்து, வாயை இரட்டை முடிச்சுப் போட்டுக் கொடுப்பேன். தய்யிப் எந்தச் சுற்றுவழியிலாவது ஓட்டிப்போகும்போது அதை எடுத்துப்போவான். எப்போது போவான், எப்போது திரும்புவான் என்பது அவனுக்கே தெரியாது. ஒருதடவை லாரி சல்லடையாகத் துளைபட்டு வந்தது.

இதற்கிடையில் மக்கி எங்களையெல்லாம் கூட்டி நிற்கவைத்துப் பேசினார். சரக்கு வெளியே போகவில்லை. கூலி கொடுக்கக் கையில் ஒன்றுமில்லை. முதலாளியின் கிடங்கில் சோளம் இருக்கிறது. வேலைக்கு வருபவர்களுக்கு அன்றன்றைக்கு ஒரு கிண்ணம் சோளம். பாதிப் பேர் போதும்.

"ஒரு நாள் நின்னாலும் அந்த எடத்துல வேற ஆள் உக்காந்திடும். என்கிட்ட வந்து அழக்கூடாது. வெளியில எத்தனை பேர் நிக்கறாங்கன்னு பாத்தீங்கல்ல?"

பார்த்தோம். கேட்டுக்கு வெளியே சுஆத் உட்கார்ந்திருந்தாள். முன்பு கல்தூமாவுக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்தவள். சந்தையில் குண்டு விழுந்து அவள் கணவன் செத்ததும், வழக்கப்படி வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு நாலு மாசம் பத்து நாள் வீட்டைவிட்டு வராமல் இருந்தாள். காலம் முடிந்து வந்தபோது அவள் இடத்தில் வேறொருத்தி இருந்தாள். இடையில் ஒருமுறை அவள் அண்ணன் வந்து, பிள்ளைகள் பட்டினி கிடக்கின்றன, பகலில் மட்டும் அவள் வேலைக்கு வரலாமா என்று கேட்டான். மக்கி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "வெள்ளைத் துணியோட ஒருத்திய இங்க உக்கார வச்சா ஊர் என் மூஞ்சில காறித் துப்பும்பா. அவ புருஷன் வீட்டாளுங்க கொட்டகையவே கொளுத்திடுவாங்க." இப்போது சுஆத், கொட்டகையிலிருந்து பெருக்கி வெளியே கொட்டும் தூசியைச் சல்லடையில் சலித்து, மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் பிசின் குறுணையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சின்னவன் போன மாதம் இறந்துவிட்டான். இருந்த இருவரும் அவள் முதுகில் சாய்ந்து கிடந்தார்கள். அழக்கூட இல்லை.

பொறுக்குபவர்களில் மீந்தவர்களுக்குள் கல்தூமாவும் இருந்தாள். ஒரு கிண்ணம் சோளம், மூன்று குழந்தைகள். களி கிண்டினால் ஆளுக்கு நாலு வாய் வரும். அவளுக்கு என்ன மிஞ்சியது என்று எனக்குத் தெரியவில்லை. பல வீடுகளில் பிசினைக் கரைத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துத் தூங்கவைத்தார்கள். வயிறு அதை நம்பிவிடும். உடம்பு நம்பாது. குழந்தைகளின் முடி செம்பட்டையாகிக் கையோடு வந்தது. உலகத்துக்கெல்லாம் போகவேண்டிய பிசின் எங்களுக்குப் பின்னால் கூரைவரைக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது.

ஒருநாள் தய்யிபின் லாரி திரும்பியது என்றார்கள். மறுநாள் காலையில் கல்தூமா உள்ளே வந்தபோதே புகை மணம் அவளுக்கு முன்னால் வந்துவிட்டது. அப்படி ஒரு மணம் அதற்குமுன் அவளிடம் வந்ததில்லை. தோல் மஞ்சள் பூசியதுபோல் இருந்தது. உட்கார்ந்தாள். ஒரு கட்டியை எடுத்து, சுரண்டி, ஊதி, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்தாள்.

சித்தல்பனாத் மூக்கை உறிஞ்சினாள். "அடியே! குழியத் தொறந்துட்டியா? வராரா?"

"சேதி சொல்லி அனுப்பிச்சிருக்காரு" என்றாள் கல்தூமா. "பாதை தொறக்கணுமாம்."

"மொகத்து வீக்கம் வத்திடுச்சாமா?"

"வத்திடுச்சாம்."

சித்தல்பனாத் கையை வாயருகே வைத்துக் குலவையிட்டாள். ஒருத்தி தொடங்கினால் நிற்குமா? கொட்டகை முழுக்கக் குலவை. வெளியே சுஆத்தும் சல்லடையை வைத்துவிட்டுக் குலவையிட்டாள். நல்ல சேதி என்று ஒன்றைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. கல்யாணப் பாட்டில் ஒரு வரியைப் பாடி யாரோ கல்தூமாவின் தோளை இடித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றைக்கு அவள் பிரித்த குவியலில் பட்டையும் தல்ஹாவும் கலந்து கிடந்தன. மக்கி கூடச் சத்தம் போடவில்லை. "புருஷன் நெனப்புல கண்ணு தெரியல. போகுது விடு" என்றார்.

பாதை திறக்கவில்லை. குண்டுகள் ஊருக்குள் நெருங்கி விழத் தொடங்கின. ஒன்று எங்கள் கொட்டகைக்கு இரண்டு தெரு தள்ளி விழுந்தது. கூரையில் புது ஓட்டைகள். வீட்டைவிட்டு வெளியே வரப் பயந்து ஒருத்தி ஒரு நாள் நின்றாள், அவள் இடம் போனது. கல்தூமா வந்தாள். காய்ச்சலில் கண் சிவந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். புகையோடு வந்தாள். பிசின் பை தைக்கக் கொடுத்தாள், நானும் தைத்துக்கொடுத்தேன்.

இடையில் ஒரு வதந்தி வந்தது. கோஸ்தி வழியில் இருக்கும் உம் ரவாபாவிலிருந்து நடந்தே வந்த ஒருத்தன் தேநீர்க்காரி அடுப்பருகே சொன்னானாம்: கோஸ்தியில் மெஷினுக்குக் காத்திருந்த பிசின்காரன் ஒருத்தன் செத்துப்போனான், பெயர் பாபிகிர் என்று கேட்டதுபோல் ஞாபகம். பேச்சு கொட்டகைக்குள் வந்தது. மக்கி தராசை விட்டு எழுந்து, பெண்களின் வரிசைக்கு முன்னால் வந்து நின்றார். எல்லோருடைய கையும் நின்றுவிட்டது.

கல்தூமா நிமிரவில்லை. குவியலிலிருந்து ஒரு கட்டியை எடுத்து, கையை மெல்ல உயர்த்தி வெளிச்சத்தில் பிடித்தாள். புகை மணம் எங்கள் எல்லோர்மீதும் வந்து விழுந்தது.

"அட போங்கய்யா!" என்று கத்தினாள் சித்தல்பனாத். "பாபிகிர்னு ஒரே ஒரு ஆளா இருக்கான் நாட்டுல? மூக்கு இல்லையா உங்களுக்கு? புருஷன் செத்தவ எவளாவது புகை போடுவாளா? அல்லாவுக்குப் பயம் வேணாம்? ஏன் வகீல், நீங்களும் கெளம்பி வந்து நிக்கறீங்க!"

மக்கி வெட்கப்பட்டுப்போய்த் தராசுக்குத் திரும்பினார். வதந்தி பேசியவர்கள் காறித் துப்பிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். அதோடு வதந்தி செத்தது. நானும் சாக்கில் அடுத்த தையலைப் போட்டேன்.

சமாஹிருக்கு வயிற்றுப்போக்கு என்று ஒரு மதியம் கல்தூமா என்னிடம் கேட்டாள்: "தம்பி, நான் எழுந்து போக முடியாது. இந்த உப்பை வீட்டுல குடுத்துட்டு வந்திடுறியா?" போனேன். மூத்த பெண் கதவைத் திறந்தாள். சமாஹிர் பாயில் கிடந்தாள். இமை மட்டும் அசைந்தது. அறையின் மூலையில் புகைக் குழியில் சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. தல்ஹா விறகு ஊருக்குள் வந்து மாதங்கள் ஆகியிருந்தன. எங்கே கிடைக்கிறது இவளுக்கு என்று யோசித்துக்கொண்டே நிமிர்ந்தேன். சுவர் ஆணியில் சோன்கியின் இரும்பு அலகு மட்டும் தொங்கியது. கழி இல்லை.

திரும்பி வந்து உப்பைக் கொடுத்ததைச் சொன்னேன். என்னையும் அறியாமல், "அக்கா, அண்ணன் சோன்கிக்குக் கழி இல்லையே?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கட்டியை நகத்தால் சுரண்டினாள். "உளுத்துப்போச்சு தம்பி. வந்ததும் புதுசா போட்டுக்குவாரு."

உளுத்த கட்டையைத்தான் எரிக்கிறாள் என்று நினைத்தேன். அவர் வரும்போது நல்ல கழி ஒன்று தேடித் தரவேண்டும் என்றும் நினைத்துக்கொண்டேன். உள்ளங்கைப் பளபளப்போடு இருந்த அந்தக் கழியில் உளு விழுந்ததற்கு ஒரு அடையாளமும் நான் பார்த்ததில்லை. பார்த்ததை வைத்து எதையும் கேட்கிற வழக்கம் எனக்கில்லை.

சமாஹிர் பிழைத்தாள். எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தக் கிண்ணம் சோளம் ஒரு நாள்கூட நிற்கவில்லை, அவ்வளவுதான் தெரியும்.

பிறகு கிழக்குப் பாதை திறந்தது. லாரிகள் வரிசையாக வந்தன. கூரைவரைக்கும் இருந்த மூட்டைகள் ஒரே வாரத்தில் இறங்கிப்போயின. சுவர்களை அப்போதுதான் திரும்பப் பார்த்தோம். அடுத்த சரக்கு வரும்வரை வேலை இல்லை என்று மக்கி எல்லோருக்கும் மீதிச் சோளத்தைப் பங்கிட்டுக் கொட்டகையைப் பூட்டினார். கல்தூமா தன் பங்கைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். எடை பார்த்து வாங்கியதுபோல் அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

மறுநாள் அவள் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டாள் என்று சேதி வந்தது. பாதை திறந்ததும் கோஸ்தியிலிருந்து ஆள் வந்து சொல்லியிருப்பான் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். வரும் நேரத்தில் போய்விட்டாரே என்று சித்தல்பனாத் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். போய்ப் பார்த்தோம். கல்தூமா பாயில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளிடமிருந்து எந்த மணமும் வரவில்லை. புகைக் குழியை மண் போட்டு நிரப்பி, மேலே சாணம் மெழுகியிருந்தாள். அந்த இடத்தில் சமாஹிர் படுத்துத் தூங்கினாள். நாலு மாசம் பத்து நாளும் கல்தூமா வாசலைத் தாண்டவில்லை.

நான் தைத்த கடைசிப் பிசின் பை என்னிடமே தங்கிவிட்டிருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல், வெகு நாள் கழித்து, சந்தையில் லாரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்த தய்யிபிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"வச்சுட்டுப் போ. கோஸ்தி ஆஸ்பத்திரில அந்தக் கட்டில்ல இப்ப யாரு படுத்திருக்காங்களோ அவங்களுக்குக் குடுத்திடுறேன். எப்பவும் போல" என்றான்.

"எப்பவும் போலன்னா?"

அவன் டயரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். எனக்குத் தெரியும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்திருக்கிறான்.

தய்யிப் பையோடு கோஸ்தி போயிருந்த ஒரு தடவை, அவன் கண்ணெதிரிலேயே பாபிகிர் இறந்துவிட்டார். கூட இருந்து அடக்கம் செய்தவன் தய்யிப். திரும்பி வந்த அன்று சாயங்காலம் லாரியின் பின்பக்கத்தில் வைத்துக் கல்தூமாவிடம் சொன்னான். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: இன்னும் யார்யாரிடம் சொன்னாய்? யாரிடமும் இல்லை என்றான். சொல்லாதே என்றாள். மறுநாள் காலையில்தான் நாங்கள் எல்லோரும் குலவையிட்டோம்.